முழு சிந்தடிக் தாய்மாமன்

படவேடு சுற்றுவட்டாரத்தில் இரு சக்கர வாகனம் வைத்திருப்போர் எழுந்து நின்றும், வைத்திராதோர் கைகட்டி நின்றும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு: வாழைமண்டி குணசீலன் தன் பைக்குக்கு ஊற்ற வேண்டிய என்ஜின் ஆயிலைத் தேர்ந்தெடுத்துவிட்டார்.

இந்த முடிவு லேசில் எட்டப்பட்டதல்ல. மூன்று வாரம் மண்டியில் வாழைத்தார் பழுத்து உதிர, அவர் கைப்பேசியில் ஆயில் காணொளிகளைப் பார்த்தார். இந்தி தெரியாது. ஆனால் இந்திக் காணொளியில் எந்த இடத்தில் தலையாட்ட வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

அவசரத்துக்குக் காரணம் மலை. ஜமுனாமரத்தூரில் உரக்கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்ட தங்கை கீதாஞ்சலி, தன் இரண்டாவது பெண்ணுக்குக் காது குத்துகிறாள். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மூத்த குழந்தைக்குக் குத்தியபோது குணசீலன் நல்ல நேரம் தாண்டிப் போய்ச் சேர்ந்தார். மடி போளூரில் இருக்கும் தம்பி பழனிக்குப் போய்விட்டது. ஆல்பத்தில் பதினேழு படங்களில் பழனியின் மடி. குணசீலன் ஒரே ஒரு படத்தில், பந்தியில், வாயைத் திறந்தபடி. கீதாஞ்சலி மூன்றாவது பெறுவதாக இல்லை. இதுதான் கடைசி மடி.

ஆகவே வேலூருக்குப் போய், கார் சாமான்கள் விற்கும் குளுகுளு கடையில், இருப்பதிலேயே உசத்தியான முழு சிந்தடிக் ஆயிலை வாங்கிக்கொண்டு மெக்கானிக் சின்னராஜின் ஷெட்டுக்கு வந்தார்.

சின்னராஜ் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, இது கார் ஆயிலுண்ணே."

"ஆமாம்பா. ஒரு டன் காரயே இழுக்குது. என் பைக்க இழுக்காதா?"

"இழுக்கிறது என்ஜின்ணே, ஆயில் இல்ல. கார்ல கிளட்ச் தனியா, ஆயில் படாம காஞ்சி நிக்கும். நம்ம வண்டில ஆயில்லயே முழுகிக் கெடக்கும். இது ஒரே வழவழப்பு. கிளட்ச் பிளேட்டு புடிக்காம வழுக்கிக்கினு போவும். கம்பெனி குடுத்த புக்குல இன்னா கிரேடு போட்டிருக்குதோ அத ஊத்திட்டுப் போங்க."

"அந்த புக்கு யாருக்கு எழுதினது? சாதாரண ஜனங்களுக்கு."

சின்னராஜ் பழைய ஆயிலை இறக்கினார். புதியதை ஊற்றும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். குணசீலன் அதைக் காணொளியாக எடுத்து மண்டி வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பன்னிரண்டு பேர் கைகூப்பினார்கள். அதில் இருவர் அதை இரங்கல் செய்தி என்று நினைத்திருந்தார்கள்.

பத்து நாள் சமவெளியில் வண்டி வெண்ணெயாக ஓடியது. நிறுத்திய இடத்திலெல்லாம் குணசீலன் ஆயில் பற்றி உரையாற்றினார். பதினோராம் நாள் காலை ஏழு மணிக்கு, பட்டுப் பாவாடையும் பழமும் வைத்த சீர்த்தட்டுகளை மனைவி பூங்கோதை மடியில் வைத்துக் கட்டிக்கொள்ள, புறப்பட்டார்கள். நல்ல நேரம் பத்தரை வரை.

"பேசாம பஸ்ல போயிருக்கலாங்க" என்றாள் பூங்கோதை.

"தாய்மாமன் பஸ்லயா போய் எறங்குவான்?"

போளூர் தாண்டி மலைப்பாதை தொடங்கியது. முதல் கொண்டை ஊசி வளைவில் என்ஜின் உறுமியது. இரண்டாவதில் கர்ஜித்தது. மூன்றாவதில், காடே திரும்பிப் பார்க்கும்படி அலறியது. வண்டி மட்டும் நடந்து போகிறவன் வேகத்துக்கு இறங்கியது.

"சத்தம் இம்மாம் பெருசா வருது, நகரவே மாட்டேங்குதே" என்றாள் பூங்கோதை. "இந்த மாதிரி வூட்ல ஒண்ணு இருக்கிறது பத்தாதா?"

"மலைக்குப் பழகுதுடி."

அப்போது பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு அவர்களைக் கடந்தது. ஜன்னலிலிருந்து ஒரு கை ஆடியது. தன் என்ஜின் சத்தத்தைக் கேட்டுச் சொக்கிப்போன யாரோ ஒரு ரசிகன் என்று எண்ணி, குணசீலனும் பெருந்தன்மையாகக் கையசைத்தார்.

நான்காவது வளைவில் பூங்கோதை இறங்கி, தட்டுகளோடு நடந்தாள். சற்று நேரத்தில் வண்டியை முந்திவிட்டாள். ஐந்தாவது வளைவில் காலி மினி லாரி ஒன்றை நிறுத்தி ஏறிக்கொண்டவள், "மெதுவா வாங்க" என்றாள். அந்த அறிவுரை தேவைப்படவில்லை.

குணசீலன் சின்னராஜுக்குப் போன் போட்டார். "ஏம்பா, என்ஜின் சுத்துது, சக்கரம் சுத்தல."

சின்னராஜ் நல்ல மனிதர். மலை மேல் நிற்பவனிடம் நியாயம் பேசுகிறவர் அல்ல. "முறுக்காதீங்கண்ணே, பிளேட்டு கருகிடும். தள்ளிக்கினே போங்க. எறக்கம் வந்தா ஏறிக்கோங்க."

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். மொபெட்டில் தேன் டின்னோடு வந்த ஒரு மலைக்காரர் பக்கத்தில் நிறுத்தினார்.

"இன்னா சார், பெட்ரோல் தீந்துடுச்சா?"

"இல்ல. ஆயில்."

"ஆயில் தீந்துடுச்சா?"

"தீரல. ரொம்ப நல்ல ஆயில்."

மலைக்காரர் அவரை ஒரு கணம் பரிவோடு பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

உரக்கடை வாசலுக்கு அவர் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றேகால். கூலிங் கிளாஸ் போட்ட குணசீலன் பத்தடி உயர பேனரில் 'தாய்மாமனே வருக' என்ற எழுத்துகளுக்குக் கீழே கம்பீரமாகக் கைகூப்பிக்கொண்டிருந்தார். அந்த பேனரின் நிழலில் பழனி உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் குழந்தை, காதில் புதுக் கம்மலோடு, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, அழுது முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. போட்டோக்காரர் பதினெட்டாவது படம் எடுத்துக்கொண்டிருந்தார். பூங்கோதை பந்தியில் பாயசத்துக்கு வந்துவிட்டாள்.

"எம்மாம் நேரம்ணே பாக்கிறது? பத்தரை ஆயிடுச்சு" என்றாள் கீதாஞ்சலி.

மடி போனது போகட்டும். அறிவியல் போகக் கூடாது. குணசீலன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு தம்பி பக்கத்தில் குந்தினார்.

"பழனி, ஒளிக்காம சொல்லு. உன் வண்டில இன்னா கிரேடு ஊத்துற? சிந்தடிக்கா, சாதாவா?"

"என் வண்டி ரெண்டு மாசமா ஸ்டார்ட்டே ஆவலண்ணே" என்றான் பழனி, குழந்தை எழுந்துவிடாமல் மெதுவாக. "ஜன்னல்லேர்ந்து கை காட்டினேனே, பாக்கல?"

பழனி பஸ்ஸில் வந்திருந்தான்.