தொடக்கூடாத கேஸ்

பெண்கள் உதவி மைய அலுவலகத்தில் அவளுக்கு ஸ்கேல் என்று பட்டப்பெயர். வளையவே மாட்டாளாம். உதவி கேட்டு வந்தவர்கள் ஒரு மிட்டாய் நீட்டினால்கூட வாங்கமாட்டாள். சமூகப் பணியாளர்களுக்கான நெறிமுறை அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். புதிதாகச் சேர்பவர்களுக்கு அதை வகுப்பெடுப்பதும் அவள்தான். யாராவது கொட்டாவி விட்டால் தொலைந்தார்கள்.

அன்று காலை பெஞ்சில் உட்கார்ந்திருந்தது அவளுடைய சொந்த அண்ணி. வலது கையில் கட்டு.

"உங்கண்ணன் கதவிடுக்குல என் கைய வெச்சு நசுக்கிட்டார். புள்ளையையும் எங்கிட்ட விடமாட்டேங்கறார். நீ இருக்கற இடமாச்சேன்னு தைரியமா வந்தேன், கண்ணு."

ஸ்கேலின் வாய் தானாகப் பேசியது.

"சொந்தக்காரங்க கேஸ நான் தொடக்கூடாது அண்ணி. எங்க ரூல்ஸ் அப்படி. எதிர் ரூம்ல இருக்கற சார் பார்ப்பார்."

சரியான விதிதான். யாரும் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சொல்லி முடித்ததும் அவளுக்கு 'அப்பாடா' என்றிருந்தது பாருங்கள், கோணல் அங்கேதான்.

எதிர் அறைக்காரர் எப்போதும் தூங்கி வழிவது போலிருப்பார். அன்று அண்ணி சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எழுந்து இவளிடம் வந்தார்.

"குழந்தைய இன்னிக்கே தாய்கிட்ட வாங்கித் தர கோர்ட்டுல உத்தரவு கேக்கலாம் மேடம். அடிச்சதப் பார்த்தவங்க ஒருத்தர் சொல்லணும். போன மாசம் உங்க கண்ணு முன்னாடியே அடிச்சாராமே?"

அடித்தான்தான். அண்ணியின் முடியைப் பிடித்து அவன் சுவரில் மோதியபோது, இவள் தட்டைக் கழுவப் போவதுபோல எழுந்து போனாள். அப்பா போன பிறகு தூக்கி வளர்த்த அண்ணன். வாயைத் திறந்தால் பிறந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது. பயம். வேறு மண்ணாங்கட்டி ஒன்றும் இல்லை.

"நான் இதுல தலையிடக் கூடாது சார். நெறிமுறை..."

"கேஸ எடுக்கக் கூடாதுன்னுதான் இருக்கு. பார்த்தத சொல்லக் கூடாதுன்னு எங்க இருக்கு? நீங்கதானே எனக்கே வகுப்பெடுத்தீங்க?"

"நான் எதையும் பார்க்கல சார்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். திரும்பிப் போய் அண்ணியிடம், நாத்தனாருக்கு விதி இடங்கொடுக்கவில்லையாம் என்று மட்டும் சொன்னார். இவளைக் காட்டிக்கொடுத்து அந்தப் பெண்ணின் மனதை இன்னும் நோகடிப்பானேன் என்று நினைத்திருப்பார். மையத்தின் விடுதியில் தங்கிக்கொள்ளுங்கள், குழந்தைக்கு வேறு வழி பார்க்கலாம், கொஞ்சம் நாளாகும் என்றார்.

"புள்ள அவர்கிட்ட இருக்கு சார். அத விட்டுட்டு நான் எங்க தங்கறது?"

எவ்வளவு சொல்லியும் அண்ணி கேட்கவில்லை. அந்த வீட்டுக்கே திரும்பிப் போகக் கிளம்பிவிட்டாள். வாசல்வரை போனவள், என்ன நினைத்தாளோ, ஸ்கேலின் மேசைக்கு வந்தாள். ஸ்கேல் நிமிரவில்லை. நன்றாக நாலு திட்டு திட்டிவிட்டுப் போனால் தேவலை என்றிருந்தது.

அண்ணி இடது கையால் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"மனசப் போட்டு ஒழப்பிக்காத கண்ணு. ரூல்ஸ் அப்படி இருந்தா நீ என்ன பண்ணுவ? எனக்காக உன் வேலைக்கு ஒண்ணு ஆயிடக் கூடாது."

ஆமாம் என்று ஸ்கேல் தலையாட்டினாள்.