கதவுக்குப் பின்னால் தொங்கியவை

இரவு ஷிப்டு முடித்துப் பகலில் படுப்பவனுக்குக் கதவுதான் பாதித் தூக்கம். அந்த வீட்டு அறைக் கதவோ தாழில் நிற்பதில்லை. புருஷனுக்குக் கண் அசரும் நேரம் பார்த்து மெல்ல வாய் பிளக்கும். மிக்ஸி, குழாய், மகளின் பாடம் எல்லாம் உள்ளே போய் அவன் தலைமாட்டில் உட்கார்ந்துகொள்ளும். போன வாரம் மெஷின் முன்னால் நின்றபடியே தூங்கிவிட்டான். இன்னொரு தடவை தூங்கினால் வேலைக்கு வரவேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவன் மனைவிக்கும் தூக்கம் இல்லை.

அவனாகவே உளியெடுத்து, தாழ் விழும் ஓட்டையைக் கீழே நீட்டிப் பார்த்தான். இரண்டு நாள் நின்றது. கடைசியில் அவள் தச்சு வேலை செய்யும் தன் அண்ணனை வரவழைத்தாள்.

"என்ன மாப்பிள்ளை, எலி வளை தோண்டியிருக்கீங்க?"

"தாழ் கீழ இடிச்சுது மச்சான்."

"கதவு இறங்கிட்டே போகுது. நீங்களும் பின்னாலயே தோண்டிட்டுப் போனா தரையில போய் நிப்பீங்க." கதவைத் திருப்பிப் பார்த்தார். துணிக்கடைக்கு அவள் கட்டிப்போகும் சீருடைச் சேலை, அவன் சட்டைகள், மழைக்கோட்டு, மகளின் பழைய பள்ளிக்கூடப் பை எல்லாம் வரிசையாகத் தொங்கின. "ஏம்மா, இது கதவா, பீரோவா?"

"பீரோ இருந்தா இதுல ஏன்ணா மாட்டறேன்?"

அத்தனையையும் கட்டிலில் குவித்தாள். மேல் கீலின் திருகாணிகள் கையோடு வந்தன. அண்ணன் ஓட்டைகளில் பசை தோய்த்த தீக்குச்சிகளை அடைத்து, நீளத் திருகாணிகளை முறுக்கினார். கதவைத் தாங்கி நின்றவனுக்குக் கண் சொருகியது.

"பசை காயணும். சாத்தியே வைங்க. இனி இதுல கைக்குட்டைகூடத் தொங்கக்கூடாது."

நிற்கிறதா பார்க்கிறேன் என்று அவன் உள்ளே போய்ச் சாத்தினான். தாழ் சுத்தமாக விழுந்தது.

அண்ணன் டீ குடித்து முடித்தும் அவன் வெளியே வரவில்லை. அவளுக்கோ கடைக்கு நேரமாகிவிட்டது. கைப்பிடியைத் திருகி மெல்லத் தள்ளினாள். கதவு அசையவில்லை. அடியிலிருந்து குறட்டை வந்தது. கதவில் சாய்ந்து உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிப்போயிருக்கிறான். சேலை உள்ளே, கட்டிலில்.

"எழுப்பட்டுமா?" என்றார் அண்ணன்.

"வேண்டாம்ணா. கடையில சீருடை எங்கேன்னு கேட்டா திட்டு வாங்கிக்கறேன். ஒருத்தராவது தூங்கட்டும்."

உடுத்தியிருந்த சேலையையே நீவிவிட்டுக்கொண்டு செருப்பைக் கையில் எடுத்தாள். அண்ணனை முதலில் அனுப்பி, வாசல் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு, படியில் உட்கார்ந்துதான் மாட்டினாள். அவளுக்கும் கண் சொருகியது; எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.