லாசர் தேய்த்த முகம்

சிலைப் பூங்கா வாசலில் சீட்டுக் கொடுக்கிற மேனகா, தேவகுமாரியைக் கண்டதும் சீட்டைக் கிழிக்காமலேயே உள்ளே போகச் சொன்னாள். திறப்பு விழா என்பதால் இன்றைக்கு ஒருநாள் உள்ளூர்க்காரர்களுக்கு இலவசமாம். நேராகப் போய் சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே இறங்கினால் அந்தப் பாறை வந்துவிடும் என்று கையையும் நீட்டிக் காட்டினாள். எந்தப் பாறையைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று தேவகுமாரி வாயையே திறக்கவில்லை. நீட்டிய கையை அப்படியே முறித்துப்போடலாம் போல வந்தது அவளுக்கு.

மூட்டிவிட்டவளே இந்த மேனகாதான். இரண்டு வாரத்துக்கு முன்பு வாழவந்தி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, லாசரண்ணன் மெருகு போடுகிற அந்தப் பாறை முகம் கொட்டச்சேட்டு சாந்தாமேரிக்கு அச்சு அசலாக இருக்கிறது என்று சொன்னாள். சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிவிட்டாள். தேவகுமாரிக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

சாந்தாமேரி என்றால் யாரோ எவளோ அல்ல. மாதா கோவிலில் கல்யாணத்துக்கு முன்னால் ஓலை வாசிப்பது வழக்கம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் வந்து சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் வாசிப்பார். லாசருக்கும் சாந்தாமேரிக்கும் இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறு வருவதற்குள் பெண்ணின் அண்ணன் ஒரு எஸ்டேட் ரைட்டரைப் பார்த்து முடித்துவிட்டான். ஆறு மாதம் கழித்து அதே கோவிலில் லாசர் பெயரோடு தேவகுமாரியின் பெயரை வாசித்தார்கள். மூன்றாம் ஓலை முடிகிறவரை அவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் இரண்டு பிறந்து வளர்ந்து சேலத்தில் படிக்கவும் போய்விட்டார்கள். பத்தொன்பது வருஷம் ஓடியும், அந்த இரண்டு ஓலைக்காரி இதே மலையில்தான் இருக்கிறாள் என்கிற நினைப்பு மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

லாசர் எஸ்டேட்டுகளுக்குக் கல் மதில் கட்டுகிறவன். சென்னையிலிருந்து வந்த சிற்பி, சரிவில் கிடந்த பாறையை இருந்த இடத்திலேயே முகமாகச் செதுக்கிவிட்டு, மெருகு போடுகிற வேலையை இவனை நம்பி விட்டுப்போனார். சாணைக்கல்லும் தண்ணீருமாக நாலு மாதம் தேய்த்தான். போன மாதம் ரேஷன் கடையில் ரேகை வைக்கப்போனால், மிஷின் அவன் விரலை எடுக்கவே இல்லை. இருபது வருஷம் மதில் கட்டித் தேயாத ரேகை! கல்லோடு குடும்பம் நடத்தினால் இப்படித்தான் ஆகும் என்று கடைக்காரர் பாலசுப்பிரமணியம் சொல்ல, வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். லாசரும் கூடச் சேர்ந்து சிரித்தான். தேவகுமாரி தன் விரலை வைத்து அரிசியை வாங்கி வந்து பொங்கிப்போட்டாள்.

ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க, அது யாரு மொகமுங்க?"

"கல்லு மொகம்," என்றான்.

திறப்பு விழாவுக்கு அவளைக் கூப்பிடவும் இல்லை. கூட்டம் குறையட்டும், அடுத்த வாரம் கூட்டிப்போகிறேன் என்றான். மறைக்க ஒன்றுமில்லாதவன் எதற்குத் தள்ளிப்போட வேண்டும்? பூசை முடிந்ததும் கட்டியிருந்த சேலையோடு நேராகப் பஸ் ஏறி வந்துவிட்டாள்.

வழியெல்லாம் சிலைகள். மிளகுக் கொடி ஏறிய மரத்தடியில் இரும்பு மாடு ஒன்று நின்றது. தலை இல்லாத மனிதன் ஒருவன் பள்ளத்தாக்கைப் பார்த்து உட்கார்ந்திருந்தான், அவனுக்குத் தலை கொடுப்பதற்காகச் சேலத்துப் பையன்கள் பின்னால் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வேறொரு நாளாக இருந்தால் தேவகுமாரியும் நின்று சிரித்திருப்பாள். மேலே விழாப் பந்தலில் லாசர் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் படாமல் மரங்களின் மறைவிலேயே இறங்கினாள்.

பாறை கிடந்தது. மண்ணில் பாதி புதைந்து, ஒருக்களித்துப் படுத்த பெண் முகம். கண் மூடியிருந்தது. நெற்றியும் தலையும் உளி பட்ட சொரசொரப்போடு விட்டிருக்க, காதுப் பக்கம் பெரணி முளைத்திருந்தது. கன்னம் மட்டும் தண்ணீர் தெளித்த மாதிரி மின்னியது. இடப்பக்கம் போய்ப் பார்த்தாள். சாந்தாமேரி சாயல் இல்லை. வலப்பக்கம் வந்தாள். மூக்கில் ஏதோ இருந்தது. கிட்டே போனால் அதைக் காணவில்லை, தள்ளி வந்தால் உதட்டோரத்தில் வந்து நின்றது. இவ்வளவு நல்ல கன்னம் சாந்தாமேரிக்கு எங்கே இருக்கிறது என்று நினைத்து, அந்தக் காலத்தில் இருந்திருக்குமோ என்று உடனே கருகினாள்.

பின்னால் சரளைக் கல் நெரிபட்டது. திரும்பினால் சாந்தாமேரி. தனியாகத்தான் வந்திருந்தாள். முன்நெற்றி நரைத்திருந்தது, வழுக்குகிறதென்று செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள். தன் முகத்தைத் தானே பார்க்க வந்துவிட்டாள் பார், என்று தேவகுமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்தவளோ பாறையைப் பார்த்தாள், தேவகுமாரியைப் பார்த்தாள், மறுபடி பாறையைப் பார்த்தாள்.

"எங்கூர்ல சொன்னாங்கக்கா, நாந்தான் நம்பல," என்றாள். "ஊட்டுக்காரி மொகத்தையே கல்லுல கொண்டாந்துட்டாருன்னாங்க. நெசந்தானுங்க. ஒங்க மொகமேதான்."

கேலி செய்கிறாளா என்று உற்றுப் பார்த்தாள். கேலி இல்லை. அந்தக் குரல் தேவகுமாரிக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வாரமாக அவள் தொண்டைக்குள் கிடந்து புழுங்குகிற குரல்தான் அது. ரைட்டர் பெண்டாட்டி, குவார்ட்டர்ஸ் வீடு, எல்லாம் இருந்தும் இவளும் வயிறு எரிந்துதான் மலையேறி வந்திருக்கிறாள். தேவகுமாரிக்கு உள்ளே தித்தித்தது. அந்தச் சிற்பி தன்னைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல மனம் வரவில்லை.

"ஆமா கண்ணு. வேண்டாம்னு நானுந்தான் சொன்னேன். நாலு மாசமா ஊட்டுக்கு வந்தாலும் இதே பேச்சுத்தான்."

"நீங்க நொம்பக் குடுத்து வெச்சவிங்க," என்ற சாந்தாமேரி, செருப்பைக் கீழே வைத்துவிட்டு ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். "தொட்டுப் பாக்கலாங்களா?"

"தொடு. கல்லுதான."

சாந்தாமேரி மின்னுகிற இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். கல்லைத் தொடுகிற தொடுதலாக அது இல்லை. கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரைக்கும் மெதுவாக இறங்கி, இறங்கிய வழியே மேலேறியது. லாசரின் கை நாலு மாதம் போய்வந்த வழி. மேலே அவன் யாரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. கை நின்றது, ஆனால் எடுபடவில்லை. எடு கையை என்று சொல்ல தேவகுமாரிக்கு வாய் துடித்தது. தன் முகம் என்று சொல்லிவிட்டவள் எதைச் சொல்லித் தடுப்பாள்?

பனி இறங்கி மரங்களை மூடியது. அப்புறம் பாறையின் நெற்றியும் மூக்கும் மறைந்தன. கன்னமும் அதன்மேல் அந்தக் கையும் மட்டும் தெரிந்துகொண்டிருந்தன.