தலைவரின் முழங்கால்

நியாயம் பேசுகிறவர்களே, வாருங்கள். வந்து இந்த அறையைக் கண்ணாரப் பாருங்கள். குளிரூட்டிய அறை. முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் நீண்ட மேசை. சுவரில் பெரிய எழுத்தில், ‘இளையோரே எங்கள் மையப்புள்ளி’ என்றொரு வாசகம். வாசகத்துக்குக் கீழே வரிசையாக அதிகாரிகள். மையப்புள்ளி எங்கே என்று தேடுகிறீர்களா? குனிந்து பாருங்கள். மேசைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது.

பத்தொன்பது வயதுப் பெண். வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். ஆட்டிசம் உள்ளவள், வாய்ப்பேச்சு இல்லை. ஆட்கள் நிறைந்த அறையில் மேசைக்கு அடிதான் அவளுக்கு நிம்மதியான இடம். பகல்நேரப் பயிற்சிக்கூடத்தில் தீ எச்சரிக்கை மணி காரணமே இல்லாமல் அலறியபோது, காதைப் பொத்திக்கொண்டு ஓடியவள் கண்ணாடிக் கதவில் மோதினாள், கதவு நொறுங்கியது. மணியைப் பழுதுபார்க்க நலத்துறைக்கு நேரமில்லை. பெண்ணைப் பூட்டிவைக்க நேரமிருந்தது. அவளை வெளியூரில் உள்ள மூடிய விடுதிக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்யத்தான் இந்தக் கூட்டம்.

அவளுடைய அப்பா தையற்காரர். கழுத்தில் தொங்கிய அளவுநாடாவைக் கழற்றவும் மறந்து ஓடி வந்திருந்தார். அவருக்குக் காலாட்டும் பழக்கம் உண்டு. “மெஷின விட்டு எறங்கினாலும் இவரு கால் தைக்கிறத நிறுத்தாது” என்று மனைவி கேலி செய்வாள். இயந்திரத்தோடு ஆடும் காலைச் சிட்டு பொறுத்துக்கொள்வாள்; சும்மா ஆடும் கால் அவளுக்குத் தாங்காது. ஓடிவந்து முழங்காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பாள். ஆட்டம் நின்றதும் விட்டுவிடுவாள். அதனால் இன்று தன் முழங்காலைத் தானே அழுத்திப் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த துணையாளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துணையாளர் என்பது துறை கண்டுபிடித்த பதவி. இப்படிப்பட்ட பிள்ளைகள் பூட்டுக்குள் போய்விடாதபடி, ஒரே ஆள் அந்தப் பிள்ளையை நன்றாக அறிந்து, குடும்பத்தோடு நின்று, மருத்துவம், கல்வி, நலத்துறை என்று சிதறிக் கிடக்கும் வாசல்களையெல்லாம் தட்ட வேண்டும். பிள்ளை சொல்ல முடியாததைக் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும். அருமையான ஏற்பாடு! சம்பளம் கொடுப்பது யார் தெரியுமா? எந்த வாசலைத் தட்ட வேண்டுமோ, அந்த வாசலுக்குச் சொந்தக்காரர். முன்பு வந்தவர்கள் சிட்டுவுக்கு முகம் பழகுவதற்குள் மாற்றலாகிப் போனார்கள். இந்த இளைஞர் ஒருவர்தான் நிலைத்தார். வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் முதுகு வளைத்து அவளோடு உட்கார்ந்து பழகினார். அவருடைய காலையும் அவள் பிடித்திருக்கிறாள்.

கூட்டத்தை நடத்திய துறைத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அந்தப் பொண்ணு எங்க?”

“கீழ இருக்கா, சார்” என்றார் தையற்காரர்.

“இருக்கட்டும். நாம பேசி முடிச்சிடலாம்.”

“அவளப் பத்தித்தானே பேச்சு, அவளையும் கேக்கலாமே” என்றாள் பக்கத்தில் இருந்த சிட்டுவின் அம்மா.

“கேட்டா பதில் சொல்லுவாளா, அம்மா?”

“நீங்க இதுவரைக்கும் கேட்டதே இல்லியே, ஐயா.”

தலைவர் அடுத்த தாளைப் புரட்டினார். பதில் சொல்ல முடியாதவர்கள் மேசைக்கு மேலேயும் உண்டு. சிட்டுவை ஒரே ஒரு முறை, அதுவும் கதவருகே நின்று பார்த்த மனநல மருத்துவர், அவளுடைய குணம் முழுவதையும் விளக்கத் தொடங்கினார். கேட்கக் கேட்கத் தலைவரின் கால் ஆடத் தொடங்கியது. பதவி ஏற ஏற ஆட்டமும் கூடும் போலிருக்கிறது. மேசையே லேசாக அதிர்ந்தது.

திடீரென்று தலைவர் அலறினார். உருளும் நாற்காலி பின்னால் பாய்ந்து சுவரில் இடித்தது. “என்னைத் தாக்குறா!”

“பாத்தீங்களா? இதத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்” என்றார் மருத்துவர், பரிசு வாங்கியவர் போல.

தையற்காரர் எழுந்தார். “தாக்குதல் இல்ல, சார். கால ஆட்டினீங்க. நிறுத்துங்கன்னு பிடிச்சா. அவ்வளவுதான்.”

“பெத்தவங்க அப்படித்தான் சொல்வீங்க. துணையாளர் சொல்லட்டும். என்னப்பா, தாக்குதல்தானே?”

துணையாளர் தண்ணீர்க் கோப்பையைப் பார்த்தார். ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தைச் சொல்லத்தான் அவருக்கு வேலை. பேசாத பெண்ணுக்காகப் பேச வந்தவர் வாயடைத்து உட்கார்ந்திருந்தார். அவருடைய கால் மட்டும் நடுங்கியது. கோப்பையின் மூடி கலகலத்தது.

மேசைக்கு அடியில் சரசரவென்று ஓசை. தையற்காரர் குனிந்து பார்த்தார். தலைவரின் காலணி பட்டுச் சிவந்திருந்த விரல்கள், துணையாளரின் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தன. மூடியின் சத்தம் அடங்கியது. விரல்கள் விலகின.

துணையாளர் நிமிர்ந்தார். “தாக்குதல் இல்லீங்க, சார். இப்ப என் காலையும் பிடிச்சா. நடுங்கிச்சு, நிறுத்தினா. யாராவது குனிஞ்சிருந்தா பாத்திருக்கலாம்.”

“நீ எதுக்கு நடுங்கணும்?”

“உங்களுக்குப் பயந்துதான், சார்.”

யாரோ சிரிப்பை இருமி மழுப்பினார்கள். துணையாளர் நிறுத்தவில்லை. “அவ வீட்லயே இருக்கட்டும். அந்த மணியச் சரி பண்ணுங்க. நான் இத வந்ததுமே சொல்லியிருக்கணும்.”

கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. மணி சரிசெய்யப்படும் என்று நினைத்தீர்களா? துணையாளரைச் சரிசெய்தார்கள். அன்று மாலையே வேறு பிரிவுக்கு மாற்றல். சிட்டுவின் முகத்தையே பார்க்காத புதிய துணையாளர் நியமனமாகிவிட்டார். அடுத்த கூட்டத்துக்கும் அதே தலைவர், அதே மேசை, அதே கேள்வி. குற்றப்பட்டியலில் தலைவரின் முழங்காலும் சேர்ந்துவிட்டது. வீட்டில் தையற்காரர் துணி வெட்டுவதை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். கால் ஆடியது. சிட்டு வந்து பிடித்தாள். வெளியூர் விடுதியில் இந்தக் கைகளுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று எண்ணியவர், அவள் விட்ட பிறகும் அந்த விரல்களைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டார்.

குடும்பம் அழைக்கும் எவரும் கூட்டத்தில் உட்காரலாம் என்று துறையின் விதியே சொல்கிறது. தையற்காரர் அழைக்கிறார். வீட்டில் உட்கார்ந்து உச்சுக்கொட்டியது போதும். வந்து நாற்காலிகளை நிரப்புங்கள். அந்தத் துணையாளரைத் திரும்பக் கேளுங்கள். தலைவரின் தயவில் பிழைக்காத துணையாளர் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேண்டும் என்று கேளுங்கள். அந்த அறையில் உங்கள் கால் அசையாமல் இருக்கட்டும். நாக்கு அசையட்டும்.