மழை பார்த்து நின்றவள்

சுவிஸில், ஓர்லிகோனில் பல் மருத்துவராக இருக்கும் தர்மிகா, அறுபதுகளில் ஜப்பானில் வந்த கறுப்பு வெள்ளைக் காமப் படங்களின் சுருள்களைத் தேடிச் சேர்ப்பவள். அவற்றில் அரிதான ஒன்றை, ஓல்டனில் திரைப்பட வட்டம் நடத்திய நிரோஜனுக்கு இரவல் கொடுத்தாள். திரும்பி வந்ததை ஓட்டிப் பார்த்தபோது, காதலன் போனபின் கதாநாயகியான விதவை மழையைப் பார்த்தபடி நிற்கும் நீண்ட காட்சி அதில் இல்லை. உடனே ரயிலேறி அவன் வீட்டுக்குப் போனாள்.

“சனத்துக்கு அலுப்படிக்கும் எண்டு வெட்டிப்போட்டன். படுக்கைக் காட்சியள் அப்பிடியே கிடக்குத்தானே?” என்றான் நிரோஜன்.

“வெட்டின துண்டு எங்கை?”

“குப்பையிலை.”

“அவள் அப்பிடி நிக்கிறதாலைதானடா முன்னம் நடந்ததுக்கு ஒரு அர்த்தம். அது இல்லாட்டி வெறும் சதை.”

அவன் சிரித்தான். “பெரிய கலை! நீ இதுகளைச் சேர்க்கிறது கொப்பருக்குத் தெரியுமோ?”

தர்மிகா கைபேசியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். “அப்பான்ரை நம்பர். நீயே சொல்லு.”

அவன் வாங்கவில்லை.

அன்றே அவள் தனக்குத் தெரிந்த சேகரிப்பாளர்கள் எல்லோருக்கும் அவன் பெயரைச் சொல்லி நடந்ததை எழுதினாள். பிறகு ஒருவரும் அவனுக்குப் படம் கொடுக்கவில்லை. வருடம் முடியுமுன் அந்த வட்டம் நின்றுபோனது. தர்மிகாவுக்கு அதில் சந்தோசம்தான். ஆனால் அந்தப் படத்தை அவளால் மறுபடி ஒருமுறைகூடப் பார்க்க முடியவில்லை.