நீதிபதிக்கு இரண்டு கடிதங்கள்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. நீதிபதிக்கு எழுத உட்கார்ந்த கடிதம் இது. நாளைக் காலை பத்தரைக்கு என் அக்காவுக்கு எத்தனை வருடம் என்று சொல்லப்போகிறார்கள். கடிதம் வரவில்லை. பயத்தில் கை கதைக்குத் தாவிவிட்டது.

முதல் தொடக்கம்: ‘மாண்புமிகு நீதிபதி அவர்களுக்கு, என் அக்கா ஓர் அப்பாவி—’

(அடித்துவிட்டேன். காரணம் மூன்றாம் பகுதியில்.)

2

அக்கா ஒரு சேமிப்பு நிறுவனத்தில் வசூலுக்குப் போனவள். வீடு வீடாகப் பணம் வாங்கி, ரசீது கிழித்துக் கொடுப்பாள். ஒருநாள் அலுவலகக் கதவில் பூட்டு. ரசீதுகளில் எல்லாம் அவள் கையெழுத்து. முதலாளி பேனாவைத் தொட்டதே இல்லை.

அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வயது, இதய நோய், டாக்டரிலிருந்து கல்லூரி முதல்வர் வரை கொடுத்த முப்பத்தொரு நற்சான்றுக் கடிதங்கள். போன வாரம் இரண்டே வருடத் தண்டனையோடு முடிந்தது. அக்கா வழக்காடித் தோற்றவள்; நாளை வரை ஜாமீனில் வீட்டில் இருக்கிறாள். ஏழு வரை போகலாமாம்.

“லெட்டர்பேடு வெச்சிருக்கிற பெரிய மனுஷங்க யாரையாவது தெரியுமாம்மா?” என்றார் வக்கீல்.

“எங்க வீட்டுக்கு வர்ற ஒரே லெட்டர் கரண்ட் கட் பண்ற நோட்டீஸ்தான் சார்.”

“அப்ப நீயே எழுது. டிகிரி முடிச்சிருக்கியே.”

குடும்பத்தின் முதல் பட்டம். அதற்குக் கிடைத்த முதல் வேலை.

3

ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். அக்கா இல்லை, தங்கை.

பூட்டு விழுவதற்கு நான்கு மாதம் முன்பு, துணி மடித்துக்கொண்டே அக்கா கேட்டாள்: “திருப்பிக் கேக்கறவங்களுக்கு, புதுசா போடறவங்க பணத்தையே எடுத்துக் குடுக்கறாங்கடி. இது தப்புதானே?”

“ஃபீஸ் கட்டணும்ல? என் பரீட்சை முடியற வரைக்கும் வாயை மூடிக்கிட்டுப் போய்ட்டு வாக்கா.”

போனாள். நான் பாஸானேன்.

[இதை எழுதினால், தெரிந்தே செய்தாள் என்றாகிவிடும். எழுதாவிட்டால்—]

4

இன்று மதியம் தையல்காரம்மா வந்தார். கடை வைக்கச் சேர்த்த மொத்தத்தையும் அந்த நான்கு மாதத்தில்தான் அக்காவிடம் கொடுத்திருந்தார். தெருவில் யாருக்கு மனு வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள்.

“ஜட்ஜுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடு கண்ணு.”

“எங்கக்காவுக்கு எதிரா என்னையே எழுதச் சொல்றீங்களா அத்தை?”

“நடந்ததை எழுதச் சொல்றேன். அந்தாளுக்கு முப்பத்தொண்ணு. உங்கக்காவுக்கு ஒண்ணு. எனக்கு ஒண்ணாவது வேணாமா?”

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நான் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான்.

கடைசியில் சொன்னார்: “அது ஏமாத்து வேலைன்னு அவளுக்குத் தெரியுமா தெரியாதான்னு எனக்குத் தெரியலம்மா. அந்த எடத்தை விட்டு வை. உனக்குத் தெரிஞ்சா நீயே போட்டுரு. காலைல வாங்கிக்கறேன்.”

5

முடிவு ஒன்று: உண்மையை எழுதுகிறேன். அக்காவுக்கு ஏழு.

முடிவு இரண்டு: பொய் எழுதுகிறேன். அக்கா சீக்கிரம் வீட்டுக்கு வருகிறாள். தையல்காரம்மா தெருவில் என்னைப் பார்த்து நன்றியோடு சிரிக்கிறார். தினமும்.

முடிவு மூன்று: முதலாளிக்கும் ஏழு— (முடியாது. முடிந்துபோன அவர் வழக்கைக் கதையில்கூட என்னால் திறக்க முடியவில்லை.)

கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா நிற்கிறாள். “எழுதிட்டியாடி?” குரலில் கோபமே இல்லை. என் பெயரை அவள் இதுவரை எந்த விசாரணையிலும் சொன்னதில்லை.

படித்தவர்தானே நீங்களும்? பேனாவைப் பிடியுங்கள். தையல்காரம்மா விட்டு வைக்கச் சொன்ன இடம் இதுதான்:

‘என்னிடம் பணம் வாங்கிய அன்று, ஐயா, அந்தப் பெண்ணுக்கு ..................’