சம்பந்தியின் மஞ்சள் காற்றாடி

"மாமா நல்லவர்தாம்மா. ஆனா எங்கிட்ட பேசறதே இல்ல" என்று மகள் போனில் சொன்ன நாளிலிருந்து தையற்காரம்மாவுக்கு நிம்மதி போயிற்று. கடல் தாண்டிக் கட்டிக் கொடுத்து ஐந்து மாதம். மாமனாருக்குப் பிடிக்காத மருமகளாகிவிட்டாளோ? நேரில் பார்த்துவிடுவது என்று கடையைப் பூட்டிவிட்டு விமானம் ஏறினாள்.

வந்து ஆறு நாள். சம்பந்தி, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், "வாங்க", "சாப்பிடுங்க", அவ்வளவோடு சரி. ஏழாம் நாள் மாலை மாஞ்சா நூலும் காற்றாடியுமாக மாடியேறினார். அந்த ஊரில் மாடிக்கு மாடி காற்றாடிச் சண்டை. அவருடைய மஞ்சள் காற்றாடியை நாலு வருஷமாக எவனும் அறுத்ததில்லையாம்.

இப்படியாவது வாயைத் திறக்கட்டுமே என்று இவளும் பின்னாலேயே போனாள்.

"எனக்கும் கத்துக் குடுங்க, சம்பந்தி."

"கைய அறுத்துரும்."

"ஊசி குத்தாத விரலா இது?"

பிளாஸ்திரியை விரலில் சுற்றிக்கொள்ளச் சொல்லி, ஒரு சிவப்புக் காற்றாடியை ஏற்றிக் கொடுத்தார். பக்கத்தில் தன் மஞ்சளையும் பறக்கவிட்டார். "எதிர் வீட்டுக்காரன் பக்கம் இப்பவே போகாதீங்க. என் நூல் மேல சும்மா உரசிப் பழகுங்க. இழுக்கக் கூடாது. விட்டுக் குடுங்க... இன்னும் விடுங்க..."

இரண்டு நூலும் பின்னிக்கொண்டன. விரலில் நூல் இறுகியதுதான் தெரியும். தைத்து முடித்ததும் வெடுக்கென்று சுண்டி அறுக்கிற முப்பது வருஷப் பழக்கம் கையில் ஓடிவிட்டது. ஒரே சுண்டு.

மஞ்சள் காற்றாடி தலையை ஆட்டிக்கொண்டே கூரைகளுக்கு அப்பால் போயிற்று.

எதிர் மாடியில் ஒரே கூச்சல். "டிரைவர் அவுட்டு! யாருய்யா அந்தம்மா?"

சம்பந்தி அசையவில்லை. பெண்ணின் வாழ்க்கையில் பெற்றவளே கத்திரி வைத்துவிட்டாளே!

"சம்பந்தி, தெரியாம..."

"ஏம்மாஆ!"

சம்பந்தி போட்ட சத்தத்தில் பக்கத்து மாடிப் புறாக்கள் கலைந்தன. மருமகள் படியேறி ஓடி வந்தாள்.

"நாலு வருஷக் காத்தாடி! ஒரே சுண்டுல உங்கம்மா முடிச்சிட்டாங்க! இப்படிப்பட்ட கைன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வேணாமா?"

"நீங்கதான் பேசவே மாட்டீங்களே, மாமா."

அவர் குரல் தணிந்தது. "எப்படிம்மா பேசறது? பஸ்ஸுல கத்திக் கத்திப் பழகின தொண்டை. அன்பா கூப்பிட்டாலும் அதட்டற மாதிரி இருக்கும். முதல் நாள் 'தண்ணி குடு'ன்னேன், டம்ளரைக் கீழ போட்டுட்டே. புள்ள மிரளுதேன்னு வாய மூடிக்கிட்டேன்."

"அய்யோ, அது வந்த புதுசு! தையல் மிஷின் சத்தத்துல தூங்கி வளர்ந்தவ நான். நல்லா கத்துங்க மாமா!"

தையற்காரம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஐந்து மாதத்து மூச்சு மொத்தமாக வெளியே வந்தது.

"சாஞ்சா எப்படி, சம்பந்தி?" தெருமுனை வரை கேட்டது அவர் குரல். "அந்த எதிர் வீட்டுக்காரன் ரொம்பத்தான் துள்ளறான். போட்டுத் தாக்குங்க!"

"விட்டுக் குடுக்கணும்னீங்களே?"

"அவனுக்கா? நல்லா கேட்டீங்க போங்க!"